யார் செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள்: பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கும் விருதுக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், புல முதன்மையர்களுக்கும், விருதுத் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும், பல்கலைக்கழகச் செய்திப் பிரிவுகளில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

தங்கள் பேராசிரியர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் பெற்ற விருதுகளையும் நல்கைகளையும் (ஆய்வு நிதியுதவிகளையும்) பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது தொகுத்து வெளியிடுகின்றன. அந்த அறிவிப்புகளைத் தவறாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். ஆய்வு நெறியாளராக நெடுங்காலம் இருந்தவன் என்பதால், ஒரு முடிவு அச்சில் வருவதற்கு முன் எத்தனை இரவுகள் கருவிகளின் முன்னால் கழிகின்றன, எத்தனை மாதிரிகள் பாழாகின்றன, எத்தனை வரைவுகள் மதிப்பீட்டாளர்களிடமிருந்து திரும்பி வருகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த உழைப்புக்கு ஒரு நிறுவனம் பொதுவெளியில் நன்றி சொல்லும் இடம் அந்த ஒரு பக்கம்தான். அதனால் அது எப்படி எழுதப்படுகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். என்ன கண்டறியப்பட்டது என்பதையும், அதை யார் யார் செய்தார்கள் என்பதையும், மாணவர்களின் பெயர்கள் உட்பட, சொல்லாமல் எந்தச் சாதனையையும் அறிவிக்காதீர்கள்.

இப்போது வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பேராசிரியரின் பெயர், விருதின் பெயர், வழங்கிய அமைப்பு, நல்கை என்றால் அதன் தொகை, சில வேளைகளில் அவருடைய கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, நிழற்படம் ஆகியவை அதில் இருக்கும். கட்டுரையில் முதல் ஆசிரியராக இருந்த மாணவர் 'அவரது குழுவினர்' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுவார். ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடியது, கிடைத்த விடை முன்பு தெரிந்ததிலிருந்து எப்படி மாறுபடுகிறது என்பவற்றைப் பற்றி ஒரு வரிகூட இராது. அறிவிப்பைப் படித்து முடித்தவருக்கு ஒருவர் பெருமை பெற்றார் என்பது தெரியும். எதற்காகப் பெற்றார் என்பது தெரியாது. ஆய்வுக் கட்டுரையைத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் தேடிப் படிப்பது அரிது. ஆகவே இந்த அறிவிப்புதான் பத்திரிகைச் செய்தியாகிறது, பிறகு அதுவே வரலாறாகவும் நிலைத்துவிடுகிறது.

அப்படி நிலைத்த வரலாறுகளைத் திருத்துவதற்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தாமும் சேர்ந்து கட்டிய வானொலித் தொலைநோக்கியின் பதிவுத் தாள்களை 1967ஆம் ஆண்டு கண்ணால் ஆராய்ந்துகொண்டிருந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு ஓடிய அந்தத் தாளில், விண்மீனின் அறிகுறியாகவும் இல்லாமல் மனிதர்கள் உண்டாக்கும் இடையூறாகவும் இல்லாமல் ஒரு சிறு கீறல் அவர் கண்ணில் பட்டது. அதை ஒதுக்கித் தள்ளாமல் அவர் பின்தொடர்ந்தார்; ஏறத்தாழ 1.33 நொடிக்கு ஒரு முறை துல்லியமாகத் துடிக்கும் ஒரு வானொலி மூலம் அங்கே இருந்தது. சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் துடிவிண்மீன்கள் (பல்சர்கள்) இப்படித்தான் அறிவியலுக்குள் வந்தன. 1968 பிப்ரவரியில் வெளியான கட்டுரையில் ஐந்து ஆசிரியர்கள். முதற்பெயர் அவருடைய நெறியாளர் ஆன்டனி ஹூயிஷ், இரண்டாவது பெல். 1974ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது. பெல்லுக்கு இல்லை.

அதே 1974ஆம் ஆண்டில், புவெர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் துடிவிண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்த ரஸ்ஸல் ஹல்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர், இன்னொரு விண்மீனுடன் இணைந்து 8 மணி நேரத்துக்கும் குறைவான சுற்றுக்காலத்தில் சுழலும் ஒரு துடிவிண்மீனைக் கண்டார். ஈர்ப்பலைகளாக ஆற்றல் வெளியேறுவதால் அந்தச் சுற்றுப்பாதை மெல்லச் சுருங்கிவருவது பொதுச் சார்பியல் கோட்பாடு கணித்தபடியே இருந்தது. ஈர்ப்பலைகள் உண்மை என்பதற்கு அதுவே முதல் மறைமுகச் சான்று. 1993ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஹல்ஸுக்கும் அவருடைய நெறியாளர் ஜோசப் டெய்லருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. மாணவரின் பெயரைச் சேர்த்ததால் நெறியாளரின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை. இந்த இரண்டு பரிசுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டிலும் ஆய்வுப் பொருள் ஒரே வகையான விண்பொருள்; இரண்டிலும் தரவுகளுக்குள் அதை முதலில் கண்டது ஒரு மாணவரின் கண்.

பெல்லின் கதை இன்று பலருக்கும் தெரியும். அவருக்கு 2018ஆம் ஆண்டு அடிப்படை இயற்பியலுக்கான சிறப்புப் பிரேக்த்ரூ பரிசாக 30 லட்சம் டாலர் வழங்கப்பட்டது; அந்தத் தொகை முழுவதையும், இயற்பியலில் போதிய இடம் கிடைக்காத பிரிவுகளைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்களின் உதவித்தொகைக்கு அவர் கொடுத்துவிட்டார். இதைவிட உயர்ந்த மறுமொழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெல்லின் மேல் பின்னாளில் விழுந்த வெளிச்சம் அந்த இடத்தில் இருந்த எல்லா மாணவர்கள் மேலும் விழுவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினின் வரலாற்றைப் பாருங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943ஆம் ஆண்டு அக்டோபரில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து அந்த மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோயை எதிர்க்க மனிதகுலத்துக்குக் கிடைத்த முதல் திறன்மிக்க எதிருயிரி (ஆன்டிபயாட்டிக்) அதுதான். 1944 தொடக்கத்தில் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர்கள் ஷாட்ஸ், எலிசபெத் பியூகி, நெறியாளர் செல்மன் வாக்ஸ்மன் என்ற வரிசையில் இருந்தார்கள். புகழ் வாக்ஸ்மனை நோக்கியே ஓடியது. ஷாட்ஸ் 1950இல் வழக்குத் தொடர்ந்தார். உடன்கண்டுபிடிப்பாளர் என்ற உரிமையும் காப்புரிமை வருவாயில் ஒரு சிறு பங்கும் அவருக்குச் சட்டப்படி கிடைத்தன. அதற்குப் பிறகும் 1952ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போயிற்று. எலிசபெத் பியூகியின் பெயரோ கட்டுரையில் இருந்தது, காப்புரிமையில் இல்லை. வழக்குத் தொடர்ந்த ஷாட்ஸையாவது இன்று நினைக்கிறோம். எதுவும் கேட்காமல் விலகிப்போனவர்களின் பெயர்களைக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் அறிய முடிகிறது.

கட்டுரையிலேயே பெயர் இல்லாமற்போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த ஆய்வு ராபர்ட் மில்லிகனின் பெயரால் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கும் அது ஒரு காரணம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அந்தக் கருவியோடு உழைத்த மாணவர் ஹார்வி ஃப்ளெச்சர். எந்தக் கட்டுரை யாருடைய பெயரில் வரும் என்று நெறியாளர் முன்வைத்த ஏற்பாட்டுக்கு மாணவர் இணங்கினார். அதன்படி 1910ஆம் ஆண்டின் முதன்மைக் கட்டுரை மில்லிகன் பெயரில் மட்டும் வெளிவந்தது. ஃப்ளெச்சர் பின்னாளில் ஒலியியலில் பெரும் புகழ் பெற்றார். மில்லிகனை அவர் இறுதிவரை மதித்தார். இந்த ஏற்பாட்டைப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த குறிப்பு, அவர் மறைந்த பிறகு 1982ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்! பட்டமும் பரிந்துரைக் கடிதமும் எதிர்கால வேலையும் நெறியாளரின் கையில் இருக்கும்போது, ஒரு மாணவரின் இசைவை முழு மனதுடன் தந்த இசைவு என்று எப்படிக் கொள்வது? ஆகவே 'மாணவர்களே ஆட்சேபிக்கவில்லையே' என்ற விடையை நிர்வாகங்கள் ஏற்கக் கூடாது.

புகழ் பெற்றவரிடமே மேலும் புகழ் சேர்கிறது என்பதை 1968ஆம் ஆண்டில் 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டு விளக்கியவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். ஒரே கண்டுபிடிப்பில் பலர் பங்கேற்றாலும், அவர்களுள் முன்பே பெயர் பெற்றவருக்கே அது உரியது என்று உலகம் எழுதிக்கொள்கிறது என்றார் அவர். அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாக அமைந்தவை, நோபல் பரிசு பெற்றவர்களிடம் ஹாரியட் சக்கர்மன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்கள். கட்டுரையோ மெர்ட்டன் ஒருவர் பெயரில் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று மெர்ட்டனே எழுதினார். இந்தச் செய்தியை நான் மெர்ட்டனைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. அவர் வெளிப்படையாக எழுதியது பாராட்டுக்குரியது. ஆய்வுலகின் இந்தப் போக்கை எவரைக் காட்டிலும் தெளிவாகக் கண்டவருக்கே அது தம் மேசையில் நடந்தபோது தெரியவில்லை என்றால், தனிமனிதர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. நிறுவனத்தின் விதி வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். ஆய்வின் திசையைத் தேர்ந்தவர் நெறியாளர். நல்கை பெற்றுத் தந்தவர் அவர். ஆய்வு தோற்றால் பழி ஏற்பவரும் அவர் என்பார்கள். ஜோசலின் பெல்லே, பரிசு தமக்குக் கிடைக்காததைப் பற்றிப் பேசுகையில், ஆய்வின் வெற்றி தோல்விக்கு நெறியாளரே பொறுப்பு என்று ஹூயிஷின் பக்கம் நின்றிருக்கிறார். அவருடைய பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் தமக்கு உரியதை ஒருவர் விட்டுக்கொடுப்பது வேறு, அதை ஒரு நிறுவனம் கொடுக்காமல் விடுவது வேறு. நெறியாளரின் பங்கைக் குறைத்து எழுதும்படி யாரும் கேட்கவில்லை. அவர் செய்தது கேள்வியை வடிவமைத்தது என்றால், அவர் கேள்வியை வடிவமைத்தார் என்று எழுதுங்கள். மாணவர் அளந்தார் என்றால், இன்னார் அளந்தார் என்று எழுதுங்கள்.

விருதுக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. நோபல் பரிசு ஒன்றை மூவருக்கு மேல் பகிர முடியாது. 2016ஆம் ஆண்டில் ஈர்ப்பலைகளை முதன்முதலாக நேரடியாக உணர்ந்ததை அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். 2017ஆம் ஆண்டு பரிசு அவர்களுள் மூவருக்குப் போனது. பரிசின் விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. உங்கள் அறிவிப்புக்கு அப்படி எந்த விதியும் இல்லையே! உங்கள் வளாகத்திலிருந்து அந்த ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொரு மாணவரையும், ஒவ்வொரு கருவி வல்லுநரையும் பெயர் சொல்லி எழுத அங்கே இடம் இருக்கிறது. பரிசால் செய்ய முடியாததை அறிவிப்பு செய்யலாம்.

இதைச் செய்வதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களின் பங்களிப்பைக் கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, மேற்பார்வை, நிதி திரட்டல் என்பன போன்ற 14 பணிகளாகப் பிரித்துக் குறிப்பிடும் முறையைப் பல ஆய்விதழ்கள் ஏற்கெனவே கடைப்பிடிக்கின்றன. 2022இல் அது முறையான தரநிலையாகவும் ஆகிவிட்டது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அந்தப் பங்களிப்புக் குறிப்பைச் செய்திப் பிரிவு எடுத்து, பொதுவாசகருக்குப் புரியும் நான்கு வாக்கியங்களாக எழுதினாலே என் கோரிக்கையில் பாதி நிறைவேறிவிடும். அந்த முறையும் குறையற்றது அல்ல. நெறியாளர் ஒருவரே உட்கார்ந்து அதை நிரப்பினால் பழைய கதைதான். எல்லா ஆசிரியர்களும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது செல்லும் என்று நீங்கள் விதி செய்யலாம்.

பெயர்களைச் சரிசெய்துவிட்டு, எண்களை மட்டும் கண்டுபிடிப்பின் இடத்தில் நிற்க விட்டால் பயன் இல்லை. ஓர் ஆய்விதழின் தாக்கக் காரணி, அதாவது அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண், எந்த இதழை வாங்குவது என்று நூலகங்கள் முடிவு செய்யவும் பயன்பட்ட அளவுகோல். அது ஒரு கட்டுரையின் தரத்தையோ ஒரு மனிதரின் தகுதியையோ அளப்பதற்காக உருவானது அன்று. ஓர் ஆய்வாளரின் கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் எச்-குறியீடு 2005ஆம் ஆண்டில்தான் முன்மொழியப்பட்டது; அதற்குள் அது பலருடைய பதவி உயர்வைத் தீர்மானிக்கும் எண்ணாகிவிட்டது. ஆய்வைப் பற்றிய மதிப்பீட்டில் இதழ் சார்ந்த எண்களைத் தரத்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்று 2012ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் வரைந்த பிரகடனத்தில் உலகெங்கும் பல நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்திட்ட நிறுவனங்களுள் ஒன்றாக உங்களுடையதும் இருந்தால், உங்கள் அடுத்த அறிவிப்பை அந்தப் பிரகடனத்தின் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நல்கைத் தொகையும் இப்படித்தான். நல்கை என்பது இனிமேல் செய்யவிருக்கும் வேலைக்கான பொருள். செய்து முடித்த வேலை அன்று. அதையே சாதனையாக அறிவித்துப் பழகிய கண்களுக்கு, நல்கை கிடைக்காதவரின் வேலை தெரியாமற்போகிறது. கேட்டலின் கரிகோ, செல்லுக்குப் புரதம் செய்யும் கட்டளையை எடுத்துச் செல்லும் தூது ஆர்என்ஏவை (எம்ஆர்என்ஏ) மருந்தாக்கும் ஆய்வுக்குத் திரும்பத் திரும்ப நல்கை கேட்டும் கிடைக்காமல், 1995ஆம் ஆண்டில் பதவி இறக்கப்பட்டார். அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அப்போது பெரிய பரபரப்பை ஏற்படுத்தவில்லை. கோவிட் தடுப்பூசிகளுக்கு அடிப்படையான அந்த வேலைக்காக இருவரும் 2023ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தொகையையும் மேற்கோளையும் மட்டும் எண்ணும் ஒரு பட்டியலில் கரிகோவின் பெயர் எந்த வரியில் வந்திருக்கும்? என்ன கண்டறியப்பட்டது என்று கேட்கும் பட்டியலில் அது 2005ஆம் ஆண்டிலேயே வந்திருக்கும்.

மாணவர்கள் தாமாகப் பெறும் மரியாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறந்த ஆய்வேட்டுக்கான பரிசு, மாநாட்டில் வாசித்த கட்டுரைக்கான பாராட்டு, போட்டியில் வென்ற உதவித்தொகை ஆகியவை அறிவிப்பின் கடைசியில், பெயர்களின் ஒரு வரிசையாக, விளக்கம் இன்றி நின்றுவிடுகின்றன. மூத்த பேராசிரியருக்கு இன்னொரு பதக்கம் என்பது பல பதக்கங்களுள் ஒன்று. வேலைக்கு விண்ணப்பிக்கப்போகும் மாணவருக்கு அந்த ஒரு வரியே வாழ்வின் திசையை மாற்றக்கூடியது. டோனா ஸ்ட்ரிக்லண்ட் தம் நெறியாளர் ஜெரார் மூருவுடன் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அவருடைய முதல் அறிவியல் கட்டுரை. ஒளித்துடிப்பை நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கி மிகுந்த ஆற்றல் கொண்ட லேசர் துடிப்புகளை உண்டாக்கும் முறையை அது முன்வைத்தது. கண் அறுவை மருத்துவம் வரை பயன்படும் அந்த முறைக்கு 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு வந்தபோது, மூருவுடன் ஸ்ட்ரிக்லண்டும் அதைப் பகிர்ந்துகொண்டார். கட்டுரையின் முதல் ஆசிரியராக மாணவியின் பெயரே இருந்தது என்பது 33 ஆண்டுகளுக்குப் பிறகும் எவராலும் மறுக்க முடியாத பதிவு. பதிவு சரியாக இருந்தால் காலம் எவ்வளவு ஆனாலும் கேடில்லை.

இராமன் விளைவைப் பற்றி 1928ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வந்த குறிப்பில் சி. வி. இராமனோடு கே. எஸ். கிருஷ்ணனின் பெயரும் இருக்கிறது. 1930ஆம் ஆண்டுப் பரிசு இராமன் ஒருவருக்கு என்றாலும், கிருஷ்ணனின் பங்கைப் பற்றி இன்றும் சான்றுடன் பேச முடிவது அந்தப் பெயர் அச்சில் இருப்பதால்தான்.

இன்னொன்றையும் பதிவில் சேர்க்கச் சொல்வேன். அறிவித்த ஆய்வு பின்னர் திரும்பப் பெறப்பட்டால், அதே பக்கத்தில் அதையும் எழுதுங்கள். 2018ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஃபிரான்செஸ் ஆர்னால்ட், தம் குழு 2019இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின் முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை என்று 2020 ஜனவரியில் தாமே வெளிப்படையாக அறிவித்து அதைத் திரும்பப் பெற்றார். அந்த நேர்மையும் ஓர் ஆய்வுச் சாதனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்யும் துணிவு ஒரு நோபல் அறிஞருக்கு இருக்கலாம். தம் குழுவின் தரவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்த இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அந்தத் துணிவு வர வேண்டுமானால், நிறுவனம் அவருக்குத் துணை நிற்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விருதுத் தேர்வுக் குழுக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பரிந்துரைப் படிவத்தில் ஒரு பகுதியைச் சேருங்கள்: பரிந்துரைக்கப்படும் வேலையில் பங்கேற்ற மாணவர்களும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களும் யார், ஒவ்வொருவரும் செய்தது என்ன, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பகுதியை வெறுமையாக விட்ட பரிந்துரையை நிறைவு பெறாததாகத் திருப்பி அனுப்புங்கள். மாணவர்களை நன்றாக வளர்த்த பேராசிரியருக்கு இந்தப் பகுதியை நிரப்புவது மகிழ்ச்சியாகவே இருக்கும்; பாராட்டுரையில் எழுதுவதற்கு உங்களுக்கும் அதில் நிறையக் கிடைக்கும்.

செய்திப் பிரிவினருக்கு நான் கேட்பது இதைவிட எளியது. அடுத்த அறிவிப்பின் வரைவைப் பேராசிரியருக்கு அனுப்பும் அதே நாளில், கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் உள்ள எல்லா மாணவர்களுக்கும், பட்டம் பெற்று வெளியேறியவர்கள் உட்பட, நேரடியாக அனுப்புங்கள். தங்கள் பங்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். வரும் திருத்தங்களை நெறியாளர் வழியாக அல்லாமல் உங்கள் அலுவலகமே பெற்றுக்கொள்ளட்டும். கருத்து வேறுபாடு எழுந்தால், அதைத் தீர்க்கத் துறைக்கு வெளியிலிருந்து ஒருவரை முன்கூட்டியே நியமித்து வையுங்கள். இதற்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. துணைவேந்தரின் ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வெளியிடும்படி உங்கள் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஓய்வுபெற்ற ஆய்வு நெறியாளர் ஒருவர்